மஞ்சள் புள்ளி

கடுகை விடப் பெருசு, மிளகை விடச் சிறுசு. ஒரு போல்ட்டு தலையில இருந்த மஞ்சள் பெயின்ட் புள்ளி. இன்னிக்கு இழை முழுக்க அதைப் பத்தித்தான். கொஞ்சம் நீளம். காபியோ டீயோ எடுத்துக்கிட்டு உட்காருங்க.

வழக்கமா நான் முழங்கால் தேய்மானம், இடுப்பு எலும்பு முறிவு, கால்சியம் மாத்திரைன்னு எழுதுற ஆளு. எலும்பு டாக்டருக்கு போல்ட்டோட என்ன வேலைன்னு கேப்பீங்க. எங்க தொழிலே பாதி ஸ்குரூ, பிளேட், டிரில்தான். சுத்தி அங்கேயேதான் வந்து நிப்பேன்.

எங்க அப்பா ஸ்ரீரங்கத்துல பள்ளிக்கூட வாத்தியார். 1986ல ஒரு இன்ட்-சுசுகி ஏஎக்ஸ் 100 வாங்கினார். பெட்ரோல் டேங்க் மேல என்னை உட்கார வெச்சுத்தான் சித்திரை வீதியில இருந்து பள்ளிக்கூடம் கூட்டிட்டுப் போவார். 2003க்கு அப்புறம் அது கொல்லைப்புறத்துல தார்ப்பாய்க்குக் கீழ கிடந்துச்சு. கொரோனா ரெண்டாவது அலை ஓய்ஞ்ச பிறகு, அதைப் பழையபடி ஆக்கிடணும்னு எனக்கு ஒரு வெறி வந்துச்சு. அந்த ரெண்டு வருஷத்துல பார்த்ததை எல்லாம் மறக்க டாக்டர்கள் ஆளுக்கு ஒண்ணைப் பிடிச்சுக்கிட்டோம். எனக்கு இது.

பாலக்கரையில ஒரு பட்டறை. எஞ்சினை இறக்குறதுக்கு முன்னாடி, மண்ணும் ஆயிலும் சேர்ந்து கருங்கல் மாதிரி இறுகிக் கிடந்த இடத்தை மண்ணெண்ணெய் போட்டுத் துடைச்சேன். எஞ்சினை ஃபிரேமோட பிடிச்சிருக்கிற போல்ட்டுல பளிச்னு ஒரு மஞ்சள் புள்ளி. பட்டறைப் பையன் தின்னர்ல முக்குன துணியோட அடுத்த நொடி அங்க வந்துட்டான். "டேய், நிறுத்து!"ன்னு நான் போட்ட சத்தத்துல பக்கத்துக் கடைக்காரர் எட்டிப் பார்த்தார். அப்புறம் பொறுமையாத் தேடினதுல மொத்தம் ஆறு இடத்துல கிடைச்சது. எல்லாமே கழண்டா ஆளைக் கொல்ற இடங்கள்.

இந்த வண்டி எங்கிருந்து வந்துச்சுன்னு சுருக்கமாச் சொல்லிடறேன். 1980ல ஓசூர்ல டிவிஎஸ் 50 மொபெட் வந்தது. 1984ல ஜப்பானோட சுசுகியோட சேர்ந்து அதே ஓசூர்ல இருந்து இந்த 98 சிசி டூ-ஸ்ட்ரோக். அடுத்த வருஷமே ஹீரோ ஹோண்டா சிடி 100, யமஹா ஆர்எக்ஸ் 100. 1986ல கவாசாகி பஜாஜ் கேபி 100. ரெண்டே வருஷத்துல நாலு ஜப்பான் கம்பெனியும் நம்ம ரோட்டுல. அதுவரைக்கும் மோட்டார் சைக்கிள்னா புல்லட், எஸ்டி, ராஜ்தூத். கனமான வண்டிகள், ஐரோப்பாவுல பிறந்த பழைய டிசைன்கள். எல்லாரும் மைலேஜைப் பத்தியும் எடை குறைஞ்சதைப் பத்தியும்தான் பேசினாங்க. வண்டியோட ஃபேக்டரிப் பழக்கங்களும் சேர்ந்து கப்பலேறி வந்ததை யாரும் கவனிக்கல. அதுல ஒண்ணுதான் இந்தப் புள்ளி.

புள்ளி எதுக்குன்னு புரியணும்னா, போல்ட்டு என்ன வேலை செய்யுதுன்னு புரியணும். நான் ரொம்ப நாள் அது ஒரு ஆணி மாதிரி குறுக்க நின்னு தாங்குதுன்னு நினைச்சிருந்தேன். தப்பு. முறுக்கும்போது போல்ட்டு கண்ணுக்குத் தெரியாத அளவுக்கு இழுபட்டு நீளுது. ஸ்பிரிங் மாதிரி திரும்பச் சுருங்கப் பார்க்குது. அந்தச் சுருங்குற விசைதான் ரெண்டு பாகத்தையும் சேர்த்து அமுக்கிப் பிடிக்குது. கம்மியா முறுக்கினா அதிர்வுல கழண்டுடும். அதிகமா முறுக்கினா நீண்டது நீண்டபடியே நின்னுடும், இல்லேன்னா மரை போயிடும். மனுஷனுக்கும் போல்ட்டுக்கும் சேர்த்து நாம மரை கழண்டுபோச்சுன்னு சொல்றோமே, அது சும்மா இல்லை.

இதுல ஒரு வேடிக்கை. நாம ஸ்பேனர்ல போடுற பலத்துல சுமார் 10 சதவீதம்தான் அந்த இழுவிசையா மாறுது. 50 சதவீதம் போல்ட்டு தலைக்கு அடியில உராய்வுல போயிடுது, மீதி 40 மரையில உராய்ஞ்சு போயிடுது. அதனால மரையில ஒரு சொட்டு ஆயில் இருந்தாலே கணக்கு தலைகீழ். அதே பலத்துல முறுக்கினாலும் போல்ட்டு ரொம்ப அதிகமா இழுபடும். "நல்லா ஆயில் போட்டு நல்லா டைட் பண்ணுப்பா"ன்னு சொல்றது எவ்வளவு ஆபத்தான அன்பு பாருங்க.

முறுக்குறதை அளக்கவே ரொம்ப நாள் நம்மகிட்ட கருவி கிடையாது. 1918ல நியூயார்க் நகரத் தண்ணீர்த் துறையில வேலை பார்த்த கான்ராட் பார்ங்கிறவர், குழாய் இணைப்புகளோட போல்ட்டுகளை ஆளாளுக்கு இஷ்டத்துக்கு முறுக்குறதைத் தடுக்க ஒரு டார்க் ரெஞ்ச் செஞ்சதாச் சொல்வாங்க. கணக்கு சுலபம். ஒரு மீட்டர் நீள ஸ்பேனரோட நுனியில ஒரு கிலோ எடையைத் தொங்க விட்டா கிட்டத்தட்ட 10 நியூட்டன் மீட்டர். நம்ம பைக்ல 10 எம்எம் ஸ்பேனர் போடுற சின்ன போல்ட்டுக்குச் சாதாரணமா அவ்வளவுதான் வேணும். நம்ம மெக்கானிக் அண்ணன்மார்கள் இதைக் கைப்பக்குவத்துலயே செய்வாங்க. ரசத்துக்கு உப்பு போடுற மாதிரி. பத்துல ஒன்பது தடவை சரியா இருக்கும்.

ஃபேக்டரிக்கு அந்தப் பத்தாவது தடவைதான் பிரச்சினை. லைன்ல ஒரு நாளைக்கு நூத்துக்கணக்குல வண்டி போகுது. ஒரே ஆள் ஒரே போல்ட்டைத் திரும்பத் திரும்ப முறுக்குறார். நடுவுல யாரோ கூப்பிடுறாங்க, சாப்பாட்டு மணி அடிக்குது, இருமல் வருது. திரும்பி வந்து பார்த்தா முறுக்கின போல்ட்டும் முறுக்காத போல்ட்டும் கண்ணுக்கு ஒரே மாதிரி. இந்த இடத்துலதான் பெயின்ட் வருது. முழு அளவுக்கு முறுக்கி முடிச்ச அடுத்த கணம் ஒரு புள்ளி. புள்ளி இல்லேன்னா முடியலன்னு அர்த்தம். அவ்வளவுதான் மொத்த அறிவியலும்.

புள்ளிக்கு ஒரு அண்ணன் உண்டு. கோடு. போல்ட்டு தலையில ஆரம்பிச்சு அது உட்கார்ந்திருக்கிற பாகம் வரைக்கும் ஒரே இழுப்பா இழுத்த கோடு. விமானத்துல இதுக்குன்னே காய்ஞ்சா கண்ணாடி மாதிரி உடையுற பெயின்ட் இருக்கு. போல்ட்டு துளி திரும்பினாலும் கோடு விரிசல் விடும், தள்ளி நின்னே பார்த்துடலாம். கோடு, இப்போ கழண்டிருக்கான்னு சொல்லும். புள்ளி, அன்னிக்கு ஒரு ஆள் முறுக்கினாரான்னு சொல்லும். ரெண்டும் வேற. எந்த நிறம் எதுக்குங்கிறது ஃபேக்டரிக்கு ஃபேக்டரி மாறும். ஒரு இடத்துல மஞ்சள் முறுக்கினவரோடது, வெள்ளை சரிபார்த்தவரோடது. இன்னொரு இடத்துல தலைகீழா இருக்கும்.

ஜப்பான்காரங்க ஏன் இதுல இவ்வளவு பிடிவாதம்? 1950ல எட்வர்ட்ஸ் டெமிங்னு ஒரு அமெரிக்கப் புள்ளியியல்காரர் அங்க போய், கடைசியில நின்னு ஓட்டை உடைசலைப் பொறுக்கி எடுக்குறதால தரம் வராது, செய்யுற இடத்துலயே வரணும்னு பாடம் எடுத்தார். 1951லயே அவர் பேர்ல விருது வெச்சுட்டாங்க. சொந்த ஊர்ல அவரைக் கண்டுக்க அப்புறம் ஒரு முப்பது வருஷம் ஆச்சு, அது தனிக் கதை. செஞ்சவரே சரிபார்த்து, செஞ்சவரே குறி வைக்கிற பழக்கம் அந்தப் பாடத்தோட நல்லாப் பொருந்திப் போச்சு. இதுல நமக்குப் பெருமையான ஒரு விஷயம்: 2001ல சுசுகியும் டிவிஎஸ்ஸும் பிரிஞ்சாங்க. அடுத்த வருஷமே, 2002ல, டிவிஎஸ் மோட்டார் அந்த டெமிங் விருதை வாங்கிச்சு. உலகத்துலயே அதை வாங்கின முதல் டூ-வீலர் கம்பெனி. டிவிஎஸ் டோல்கேட்ல தினமும் பஸ் மாறுற திருச்சிக்காரங்க எத்தனை பேருக்கு இது தெரியும்?

இப்போ ஒரு அங்கலாய்ப்பு. திருவொற்றியூர் புல்லட் டேங்க்ல கையால வரைஞ்ச தங்கக் கோட்டைப் பத்தி எவ்வளவு எழுதுறோம், எத்தனை வீடியோ. நியாயம்தான், ஸ்கேல் இல்லாம ஒரே மூச்சுல இழுக்குறது பெரிய வித்தை. ஆனா அது அழகுக்கு. உயிருக்கு வெச்ச புள்ளியைத் தின்னர் போட்டுத் துடைச்சுடறோம். ரெஸ்டோரேஷன்னா நம்ம ஊர்ல முதல் வேலையே எல்லா நட்டு போல்ட்டையும் பக்கெட்டுல போட்டு ஆசிட்ல கழுவி பிளேட்டிங்குக்கு அனுப்புறது. தங்கம் மாதிரி மின்னிட்டு வரும். நாப்பது வருஷத்துச் சாட்சி சாக்கடையில போயிருக்கும்.

இதுக்கு நேர் எதிர்க் கோஷ்டியும் இருக்கு. அமெரிக்காவுல பழைய கார்வெட் கார்களுக்கு நடக்குற போட்டிகள்ல, ஃபேக்டரியில போட்ட சாக்பீஸ் குறி, பெயின்ட் புள்ளி எல்லாம் சரியான இடத்துல இருக்கான்னு பார்த்து மார்க் போடுறாங்க. அதனால ஜனங்க பழைய போட்டோவை வெச்சுக்கிட்டு புதுசா புள்ளி வைக்கிறாங்க. எனக்கும் அந்தப் பைத்தியம் பிடிச்சது. ஆறு புள்ளியையும் போட்டோ எடுத்தேன், அதே மஞ்சள் நிறத்துல பெயின்ட் மார்க்கர் தேடி வாங்கினேன்.

இனிமே சொல்லப்போறது எனக்கு வெட்கமான பகுதி.

வண்டி முடியுற நேரம். ஒரு ராத்திரி ஆஸ்பத்திரி முடிஞ்சு வந்து, போட்டோ பார்த்துப் பார்த்து ஒவ்வொரு போல்ட்டுலயும் மஞ்சள் புள்ளி வெச்சேன். ஹேண்டில்பாரைப் பிடிச்சிருக்கிற நாலு போல்ட்டையும் சேர்த்து. அந்த நாலையும் நான் கையால மட்டும் ஓட்டி விட்டிருந்தேன். அப்பா உட்கார்ந்து பார்த்து உயரம் சொன்ன பிறகு முறுக்கிக்கலாம்னு. மறுநாள் காலையில அவர் உட்கார்ந்து பார்த்தார். "சரியா இருக்கு தம்பி"ன்னார். நான் குனிஞ்சு பார்த்தேன். நாலு போல்ட்டு, நாலு புள்ளி. என் மூளை, முடிஞ்சதுன்னு படிச்சிடுச்சு. நானே வெச்ச பொய்யை நானே நம்பினேன்.

அப்பாவைப் பின்னால உட்கார வெச்சுக்கிட்டு கிளம்பினேன். ராஜகோபுரம் தாண்டி, அம்மா மண்டபம் தாண்டி, காவேரிப் பாலம் ஏறிடலாம்னு. மாம்பழச்சாலையில ஒரு ஷேர் ஆட்டோ திடீர்னு நின்னுச்சு. பிரேக் பிடிச்சு முன்னால சாஞ்சேன். ஹேண்டில்பார் அப்படியே முன்பக்கமா உருண்டு டேங்க்ல விழுந்துச்சு. வேகம் இருபது இருந்திருக்கும். நான் தப்பிச்சேன். அப்பா வலது கையை ஊணி விழுந்தார். 76 வயசு. மணிக்கட்டு முறிவு. ஆயிரம் பேருக்குப் பார்த்த அதே முறிவு, சாப்பாட்டு முள்கரண்டி மாதிரி வளைஞ்ச அதே கை. என் அப்பாவுக்கு நானே மாவுக்கட்டு போட்டேன். ஆறு வாரம். அவர் ஒரு வார்த்தை திட்டல. திட்டியிருக்கலாம்.

அந்த வாரம் முழங்கால் வலின்னு ஒரு பெரியவர் வந்தார். பெல்லுல வெல்டரா இருந்து ரிட்டயர் ஆனவர். தெரியாதவங்களுக்காக: திருவெறும்பூர் பக்கம் 1960கள்ல செக்கோஸ்லோவாக்கியா உதவியோட வந்த ஹை பிரஷர் பாய்லர் ஆலை. அங்க பிரஷர் தாங்குற பாகத்துல பத்த வைக்கிற ஒவ்வொரு வெல்டருக்கும் ஒரு நம்பர் உண்டு. பத்த வெச்ச இடத்துக்குப் பக்கத்துல அந்த நம்பரைக் குத்தணும், ரெக்கார்டுல ஏத்தணும். பாய்லர் விதிகள் அவ்வளவு கறார். எங்கேயோ ஒரு மின் நிலையத்துல பின்னால ஒரு நாள் குழாய் வெடிச்சா, யார் பத்த வெச்சதுன்னு தேடிப் பிடிக்கலாம். பெரியவருக்குத் தன் மூத்த பையனோட பிறந்த தேதி ஞாபகம் இல்லை, வெல்டர் நம்பர் ஞாபகம் இருந்தது.

அப்பா கையைப் பத்தி விசாரிச்சார். நடந்ததைச் சொன்னேன். கொஞ்ச நேரம் ஃபேனைப் பார்த்துக்கிட்டு இருந்துட்டுக் கேட்டார்.

"டாக்டர் தம்பி, அந்தப் புள்ளியை வெச்சது யாரு?"

"நான்தான் சார்."

"முறுக்கினது யாரு?"

நான் ஒண்ணும் சொல்லல.

"எங்க ஷாப்புல அடுத்தவன் நம்பரைக் குத்தினா வேலையே போயிடும். நீங்க ஓசூர்ல எவனோ ஒருத்தன் வெச்ச கையெழுத்தை எடுத்துப் போட்டிருக்கீங்க."

இந்த ஊரே அப்படித்தான். பொன்மலை ரயில்வே பணிமனையை எடுத்துக்குங்க. தென்னிந்திய ரயில்வே கம்பெனி காலத்துல, 1920களோட பிற்பகுதியில, நாகப்பட்டினத்துல இருந்து இங்க வந்தது. ரயில் பெட்டியோட முனையில பெயின்ட்ல எழுதியிருக்கிற பிஓஹெச்ங்கிற எழுத்துகளைப் பார்த்திருப்பீங்க. பெட்டியை முழுசா அவிழ்த்துச் சரிபார்த்த தேதி அது. பக்கத்துல எந்தப் பணிமனைங்கிற சுருக்கம். ஜிஓசின்னு இருந்தா கோல்டன் ராக், நம்ம பொன்மலை. எங்கோ அஸ்ஸாம்ல அந்தப் பெட்டி நின்னாலும், இதுக்குப் பொறுப்பு யாருன்னு மூணு எழுத்துல சொல்லிடும். ஊட்டி மலை ரயிலுக்கு சுவிட்சர்லாந்து டிசைன்ல 2011ல எண்ணெய் எஞ்சினும் 2021ல நிலக்கரி எஞ்சினும் இங்கேயே புதுசாச் செஞ்சாங்களே, அதையும் பொன்மலையில செஞ்ச எஞ்சின்னுதான் சொன்னாங்க. பழைய சுவிஸ் எஞ்சின்னு யாரும் ஏமாத்தல.

எங்க ஆபரேஷன் தியேட்டர்லயும் இதே கதை ஓடியிருக்கு. வலது முழங்காலுக்குப் பதிலா இடது முழங்காலைத் திறக்குற கொடுமை உலகம் முழுக்க நடந்தது. அமெரிக்க எலும்பு மருத்துவர்கள் சங்கம் 1998ல ஒரு இயக்கமே ஆரம்பிச்சது: அறுக்கப்போற இடத்துல, அறுக்கப்போற டாக்டரே தன் இனிஷியலைப் போடணும். நர்ஸ் போடக்கூடாதா, ஜூனியர் போடக்கூடாதான்னு கேட்டாங்க. கத்தி யார் கையில இருக்கப்போகுதோ அவர் போட்டாத்தான் அது குறி. 2008ல உலக சுகாதார நிறுவனம் அறுவை சிகிச்சைக்கான சரிபார்ப்புப் பட்டியலைக் கொண்டு வந்தது. டெல்லி உட்பட எட்டு ஊர்ல எட்டு ஆஸ்பத்திரியில போட்டுப் பார்த்தாங்க. இறப்பு 1.5 சதவீதத்துல இருந்து 0.8க்கு இறங்கிச்சு. ஆனா பட்டியலை ஆபரேஷன் முடிஞ்ச பிறகு மொத்தமா டிக் அடிக்கிற ஆட்களும் உண்டு. அந்த டிக் எனக்கு இப்போ மஞ்சளாத்தான் தெரியுது.

இன்னொண்ணு உறுத்துச்சு. எலும்புல லாக்கிங் பிளேட் வைக்கும்போது நாங்க டார்க் அளவு வெச்ச டிரைவர்லதான் முடிப்போம். 3.5 எம்எம் ஸ்குரூவுக்கு 1.5 நியூட்டன் மீட்டர் வந்ததும் டக்னு ஒரு சத்தம். அந்தச் சத்தம் கேட்காம நான் ஒரு நோயாளியையும் மேஜையை விட்டு இறக்கினது இல்லை. வீட்டு வாசல்ல மட்டும் எனக்கு சத்தம் தேவைப்படல.

சரி, வண்டியை என்ன பண்றது? பழைய அசல் புள்ளியை அப்படியே விடலாமான்னு ரொம்ப யோசிச்சேன். ஆனா போல்ட்டைக் கழட்டின நிமிஷமே அந்தப் புள்ளி சொன்ன சேதி காலாவதி. அது 1986ல முறுக்கினதுக்குச் சாட்சி, இன்னிக்கு முறுக்குறதுக்கு இல்லை. கழட்டாம விடலாம்னா, நாப்பது வருஷத் துருவை நம்பி ரோட்டுக்குப் போக எனக்கு இனிமே தைரியம் இல்லை.

வழி காட்டினது ஒரு கோயில் சமாசாரம். 1964ல வெனிஸ்ல கட்டடப் பாதுகாப்புக்கு ஒரு சாசனம் எழுதினாங்க. அதுல ஒரு விதி: காணாமப்போன பகுதிக்குப் பதிலா புதுசா வைக்கிறது மொத்தத்தோட இணக்கமா இருக்கணும், அதே சமயம் அசல்ல இருந்து பிரிச்சுப் பார்க்கவும் முடியணும். எங்க ரங்கநாதர் கோயில் புனரமைப்புக்கு 2017ல யுனெஸ்கோவோட ஆசிய பசிபிக் விருது கிடைச்சப்போ இதையெல்லாம் தேடிப் படிச்சு வெச்சிருந்தேன். மூணாம் நூற்றாண்டுக் கல்வெட்டு மாதிரி இன்னிக்கு ஒருத்தன் செதுக்கி வெச்சா, எவ்வளவு அழகா இருந்தாலும் அதுக்குப் பேர் வேற இல்லையா? மணல் பீய்ச்சிக் கல்லை வெளுக்கப் பண்றது ஒரு பாவம்னா, பொய்க் கல்வெட்டு இன்னொரு பாவம். பளபளப்பு கோஷ்டி, மார்க் கோஷ்டி ரெண்டும் ஞாபகத்துக்கு வந்தது.

ஆறு அசல் போல்ட்டையும் கழட்டி, துடைக்காம, அப்பாவோட பழைய மூக்குக்கண்ணாடிப் பெட்டியில போட்டு வெச்சேன். எது எந்த இடம்னு சீட்டு எழுதி. வண்டிக்குப் புது போல்ட்டு. ஒரு டார்க் ரெஞ்ச் வாங்கினேன், விலையைக் கேட்டு வீட்டுல ஒரு பார்வை கிடைச்சது. டக் சத்தம் வந்த பிறகுதான் மார்க்கர் மூடியைத் திறக்கிறது. நிறம் பச்சை. ஓசூர் மஞ்சள் ஓசூர்க்காரரோடது. ஒரு நோட்டுல தேதி, போல்ட்டு, எவ்வளவு முறுக்கினோம், யார் முறுக்கினோம்.

இதைப் படிக்கிற ரெஸ்டோரேஷன் நண்பர்கள் கோவிச்சுக்குவாங்க, பச்சைப் புள்ளி அசல் இல்லைன்னு. ஆமா, இல்லை. அதுக்குத்தான் பச்சை.

ஹேண்டில்பார் போல்ட்டு மூணை நான் முறுக்கினேன். நாலாவதுக்கு அப்பா எழுந்து வந்து ரெஞ்சை வாங்கினார். வலது மணிக்கட்டு இன்னும் முழுசா மடங்கல, அதனால இடது கை. டக் சத்தம் எனக்கும் கேட்டுச்சு. மார்க்கரையும் இடது கையாலதான் பிடிச்சார். மூணு போல்ட்டுல உருண்டையா புள்ளி இருக்கு. நாலாவதுல கொஞ்சம் இழுத்துக்கிட்டுப் போய், வால் வெச்ச மாதிரி இருக்கு.